புற்றுநோயும் தலையெழுத்தும்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த கிராமங்களில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டால், அந்த வீட்டுத் திண்ணையில் கூடுகிறவர்களின் வாயிலிருந்து முதலாவதாக வருகிற வார்த்தை "தலையெழுத்து" என்பதேயாகும். இரண்டாவது "முன்வினை". மூன்றாவது எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொள்வது, எந்த மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவது என்கிற ஆலோசனை. நாலாவதாகத்தான் ஆஸ்பத்திரி பேச்சு வருகிறது. அதற்குள் நோய் தன் வேலையில் முக்கால் பங்கை முடித்து விடுகிறது.

சென்ற மாதம் பாகூர் ஏரிக்கு அடுத்த ஒரு சிற்றூரில் துக்க வீடு ஒன்றுக்குப் போயிருந்தோம். இறந்தவர் 46 வயதுப் பெண். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவர். கருப்பை வாயில் புற்று. இரண்டு வருஷமாக வெள்ளைப்பாடும், நாள் தவறிய இரத்தப்போக்கும் இருந்திருக்கின்றன. அதை அவர் புருஷனிடம் சொல்லவில்லை, மாமியாரிடம் சொல்லவில்லை, சொல்லக்கூடாத விஷயம் என்று அவருக்குச் சின்ன வயது முதல் கற்பிக்கப்பட்டிருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் நம்மைப் பார்த்து, "பிரமன் எழுதினதை யார் தம்பி அழிக்கிறது?" என்று கேட்டார். கேட்டவர் கெட்டவரல்ல. அந்தப் பெண்ணுக்காக அழுதுகொண்டுதான் கேட்டார். துக்க வீட்டில் தர்க்கம் பேசுவது மனிதத் தன்மையல்ல என்று அப்போது வாய்மூடி இருந்துவிட்டோம். அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறோம்.

எழுத்து ஒன்று இருப்பது வாஸ்தவம். ஆனால் அது மண்டை ஓட்டில் இல்லை. பிரேதத்தின் மண்டையோட்டில் உள்ள பொருத்து வரிகளைக் காட்டி, இதுதான் பிரமனுடைய எழுத்து என்று நம் மக்களை எத்தனை தலைமுறையாக ஏமாற்றி வந்திருக்கிறார்கள்! அது குழந்தையின் தலை வளர்வதற்காக எலும்புகள் சேரும் தையல் என்பதை இன்று பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். மெய்யான எழுத்து, நம் உடம்பிலுள்ள ஏறக்குறைய 30 லட்சம் கோடி உயிரணுக்களில் பலவற்றின் உள்ளே இருக்கிறது. (சிவப்பணு போன்றவற்றுக்கு அது இல்லை.) நான்கே எழுத்துக்கள் கொண்ட அந்தப் பாஷையில் 300 கோடி எழுத்து நீளத்துக்கு எழுதப்பட்ட ஏடு அது. அதில் புரதம் செய்யும் கட்டளைகள், அதாவது ஜீன்கள், சுமார் 20,000. எழுதியவன் ஒருவனுமில்லை. கோடிக்கணக்கான வருஷங்களாகப் பிழையும் திருத்தமுமாக, பிழைத்தது நின்று, பிழைக்காதது அழிந்து உண்டான ஏடு.

இதிலே வேடிக்கை என்னவென்றால், அந்த ஏட்டை உயிரணு அப்படியே படிப்பதில்லை. பத்திரப் பதிவு ஆபீசில் மூலப் பத்திரத்தை வெளியே கொடுக்காமல் நகல் எடுத்துக் கொடுப்பதைப் போல, உயிரணுவும் வேண்டிய ஜீனை மாத்திரம் நகல் எடுக்கிறது. அந்த நகலுக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். நகல் எடுத்தவுடன் ஒரு கத்திரிக்கோல் கூட்டம் வந்து சேருகிறது. அது நகலின் நடுநடுவே உள்ள வேண்டாத துண்டுகளை வெட்டி எறிந்து, வேண்டியவற்றை ஒன்றோடொன்று ஒட்டுகிறது. ஒட்டி முடித்த நகலைப் பார்த்துத்தான் புரதம் செய்யப்படுகிறது. இந்த வெட்டி ஒட்டும் வேலையை 1977இல் அமெரிக்காவில் இரண்டு கூட்டத்தார் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். 1993இல் அதற்காக நோபல் பரிசு பிலிப் ஷார்ப், ரிச்சர்டு ராபர்ட்ஸ் என்னும் இருவருக்குக் கொடுக்கப்பட்டது. எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் அந்த வெட்டுகளைக் கண்ணால் கண்டு காட்டிய லூயி சௌ என்ற பெண்மணிக்கும், ஷார்ப்பின் கூடத்தில் சோதனை செய்த சூசன் பெர்ஜெட் என்ற பெண்மணிக்கும் பரிசில் பங்கில்லை. கடவுள் இல்லாத இடத்திலும் ஆண் ஆதிக்கம் இருந்து கொண்டுதான் இருக்கிறது என்பதற்காக இதைக் குறிப்பிட்டோம்.

நிற்க. ஒரே நகலை எப்போதும் ஒரே மாதிரிதான் வெட்ட வேண்டும் என்கிற விதி கிடையாது. எந்தத் துண்டை வைப்பது, எதை விடுவது என்பது இடத்துக்கும் வேளைக்கும் தக்கபடி மாறுகிறது. உதாரணம் சொன்னால் எளிதில் விளங்கும். "சாகாதே" என்று ஒரு வார்த்தையை எழுதிக்கொள்ளுங்கள். அதன் பின்னால் உள்ள "காதே" என்பதைக் கத்தரித்து விடுங்கள். மிச்சம் என்ன? "சா". எழுதினவன் ஒன்றே எழுதினான். கத்தரித்தவன் அர்த்தத்தைத் தலைகீழாக்கி விட்டான். இது நாம் விளையாட்டுக்குச் சொல்வதல்ல. பி.சி.எல்.-எக்ஸ் என்று ஒரு ஜீன் நம் எல்லோரிடமும் இருக்கிறது. அதன் நகலை நீளமாக ஒட்டினால் உண்டாகிற புரதம் உயிரணுவைச் சாகாதே என்கிறது. குட்டையாக ஒட்டினால் உண்டாகிற புரதம் சா என்கிறது. வயதான, கெட்டுப்போன உயிரணு சாகவேண்டிய காலத்தில் செத்து, புதியதற்கு இடம் விடவேண்டும். பல புற்றுகளில் குட்டை நகல் அடங்கி, நீள நகலே மிகுந்து, சாகவேண்டிய அணு சாகாமல் பெருகிக்கொண்டே போகிறது. சாகா வரம் கேட்டுத் தவம் செய்த அசுரர்களைப் பற்றி நம் புராணிகர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். வரம் வாங்கியது ஓர் உயிரணுவாக இருந்தால் உடம்பு முழுவதும் நாசமாகும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மனிதனிடம் பல துண்டுகள் கொண்ட ஜீன்களில் 90 சதத்துக்கு மேற்பட்டவை இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட விதமாக வெட்டி ஒட்டப்படுகின்றன என்று 2008இல் தெரியவந்தது. 2018இல் 32 வகைப் புற்றுகளைச் சேர்ந்த 8,705 நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்தபோது, நல்ல சதையைக் காட்டிலும் கட்டிகளில் இந்த மாறு வெட்டுகள் 30 சதம் வரையில் அதிகமாக இருந்தன. நுரையீரல் புற்றில் நூற்றில் சுமார் மூன்று பேருக்கு மெட் என்னும் ஜீனின் 14ஆவது துண்டு தவறிப் போய்விடுகிறது. அந்தத் துண்டில்தான் "வளர்ந்தது போதும், நிறுத்து" என்ற உத்தரவு இருக்கிறது. அது தவறியதால் அணு நிற்காமல் வளர்கிறது. இதைக் கண்டுகொண்டு, இந்த ஒரு பிழைக்கென்றே செய்த மாத்திரைகள் 2020இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அனுமதிக்கப்பட்டன. விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது என்பது வேறு விஷயம். அதைப்பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே நாம் சொல்ல வந்தது, பிரமன் எழுதியதை அழிக்க முடியாதென்றால், இந்த எழுத்தின் பிழையை மனிதன் கண்டுபிடித்து அதற்கு மாத்திரையும் செய்துவிட்டானே, இப்போது யார் பெரியவர் என்பதுதான்.

இனி அந்தத் துக்க வீட்டு விஷயத்துக்கு வருவோம். கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம் முன் ஜென்மப் பாவமுமல்ல, பாம்புப் புற்றை இடித்த தோஷமுமல்ல. ஹெச்.பி.வி. என்று சொல்லப்படுகிற ஒரு வைரஸ்தான். ஜெர்மன் தேசத்து ஹரால்டு சூர் ஹாசன் என்ற அறிஞர் 1983இல் அதன் 16ஆம் எண் வகையையும் அடுத்த வருஷம் 18ஆம் எண் வகையையும் இந்தப் புற்றிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டினார். அதற்கு முன் அவர் பேச்சைப் பலர் நம்பவில்லை. 2008இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இந்த வைரஸின் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். அதற்கென்று சொந்தமாகக் கத்திரிக்கோல் கிடையாது. நம்முடைய உயிரணுவின் கத்திரிக்கோலையே எடுத்து உபயோகிக்கிறது. 16ஆம் எண் வகையின் ஒரே நகலில் இ6, இ7 என்ற இரண்டு கட்டளைகள் அடுத்தடுத்து உள்ளன. முதல் கட்டளைக்குள் உள்ள துண்டை வெட்டாமல் விட்டால் முழு இ6 புரதம் உண்டாகிறது. அது நம் உயிரணுவின் காவற்காரனாகிய பி53 என்ற புரதத்தைப் பிடித்து அழிக்க ஏற்பாடு செய்கிறது. அந்தத் துண்டை வெட்டிவிட்டால் இ7 புரதம் நன்றாக உண்டாகிறது. அது அணு கண்டபடி பிரியாமல் தடுக்கின்ற ஆர்.பி. என்ற இன்னொரு காவற்காரனின் கையைக் கட்டிப்போடுகிறது. ஒரே ஓலையை இரண்டு விதமாய்க் கத்தரித்து இரண்டு காவலையும் தொலைத்துவிடுகிறது. அதற்குமேல் அந்த வீட்டில் எது நடக்காது?

ஆனால் இதெல்லாம் ஒரே இரவில் நடப்பதில்லை. இந்த வைரஸ் பெரும்பாலும் எல்லோருக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது தொற்றுகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் உடம்பே அதை விரட்டி விடுகிறது. விரட்டப்படாமல் தங்கிப்போன சிலருக்குத்தான், அதுவும் பெரும்பாலும் பத்து இருபது வருஷம் சென்ற பிறகு, புற்றாக முற்றுகிறது. அதாவது, கண்டுபிடித்துத் தடுக்க நமக்குப் பத்து வருஷத்துக்குக் குறையாத அவகாசம் கிடைக்கிறது. எந்தத் திருட்டுக்கும் இவ்வளவு முன்னறிவிப்பு கிடைப்பதில்லை. அப்படியிருந்தும் 2022ஆம் வருஷக் கணக்குப்படி இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்தப் புற்று கண்டு, ஏறக்குறைய 80,000 பெண்கள் இறந்திருக்கிறார்கள். தடுக்கக்கூடிய சாவு என்று தெரிந்த பிறகும் இத்தனை பேர் சாவார்களேயானால், அதை நோயின் கணக்கில் எழுதுவதா, வெட்கத்தின் கணக்கில் எழுதுவதா?

வெட்கம் என்றோமல்லவா? அதைப்பற்றியும் மறைக்காமல் பேசவேண்டும். இந்த வைரஸ் ஆண் பெண் சேர்க்கையால் தொற்றுவது. இதைச் சொன்னவுடனே, நோய் வந்த பெண்ணின் நடத்தையைப் பற்றி ஊர் பேச ஆரம்பித்துவிடும். கல்யாணமான நாள் முதல் புருஷனைத் தவிர வேறொருவரை அறியாத பெண்ணுக்கும் அது வரும், வந்திருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று புருஷனை யாராவது கேட்கிறார்களா? கற்பு என்ற வார்த்தையைப் பெண்ணுக்கு மாத்திரம் எழுதி வைத்த சமூகத்தில், வைரஸைக் கொண்டுவந்தவன் மாலையும் கழுத்துமாக நிற்க, அதைச் சுமந்தவள் அவமானத்தையும் சேர்த்துச் சுமக்கிறாள். ஆணுக்கும் இது தொண்டையிலும் ஆசனவாயிலும் குறியிலும் புற்றை உண்டாக்கும் என்பதை நம் ஆண்கள் அறியட்டும். ஆகவே நாம் சொல்வது என்னவென்றால், இது நடத்தையின் பரீட்சையல்ல. சளி பிடித்தவனைப் பார்த்து யாருடன் பேசினாய் என்று விசாரிப்பார் உண்டா?

இளம் வயதில் கல்யாணம், அடுக்கடுக்காகப் பிரசவம், புகையிலை இவையும் இந்தப் புற்றுக்குக் கைகொடுக்கின்றன. 15 வயதுப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன் எந்தச் சாஸ்திரத்தைக் காட்டினாலும், அவளுடைய கருப்பை வாய்க்கு அந்தச் சாஸ்திரம் தெரியாது.

தலையெழுத்துக் கட்சியாருக்கு நாம் ஒரு கணக்குக் காட்டுகிறோம். சென்னையில் 1980களின் தொடக்கத்திலிருந்து புற்றுநோயாளிகளை ஒருவர் விடாமல் பதிவு செய்து வருகிறார்கள். அந்தப் பதிவின்படி கருப்பை வாய்ப் புற்று அடுத்த முப்பது வருஷத்தில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பெண்கள் படித்தார்கள், தாமதித்து மணந்தார்கள், குறைவாகப் பெற்றார்கள், குளிக்கத் தண்ணீரும் வசதியும் ஓரளவு கிடைத்தன. இவையே காரணம் என்கிறார்கள். சென்னைப் பெண்களின் தலையில் எழுதப் பிரமனுக்கு மை தீர்ந்து போயிற்றா? பாகூர்ப் பெண்களுக்கு மாத்திரம் மிச்சம் வைத்திருக்கிறானா?

அந்தச் சென்னையிலேயே, 1923இல் தன் தங்கை புற்றுநோயில் துடித்து இறந்ததைப் பார்த்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், இது விதி என்று உட்கார்ந்துவிடவில்லை. தேவதாசி முறை ஒழியவேண்டும் என்று சட்டசபையில் போராடிய அந்த அம்மையார், முப்பது வருஷம் விடாப்பிடியாக நின்று 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்கச் செய்தார். ஆரம்பத்தில் 12 படுக்கைகள். அழுவதற்கும் ஆஸ்பத்திரி கட்டுவதற்கும் ஒரே துக்கம்தான் காரணமாயிருக்கிறது. வித்தியாசம், துக்கத்துக்கு என்ன காரணம் என்று நம்புகிறோம் என்பதில் இருக்கிறது.

இன்னொன்று கிராமத்தாருக்காகவே நடந்தது. திண்டுக்கல் ஜில்லாவில் 2000 முதல் 2006 வரை 30 வயது முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்கள் வாழ்ந்த கிராமங்களில் ஒரு சோதனையை வழங்கினார்கள். பெரிய யந்திரம் ஒன்றுமில்லை. கருப்பை வாயில் காடி, அதாவது வினிகரில் உள்ள அமிலத்தைத் தண்ணீர் சேர்த்துத் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்க்க வேண்டியது. கெட ஆரம்பித்த இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். தெரிந்தால் குளிரூட்டி அதை அழித்து விடலாம். பார்த்தவர்களும் பயிற்சி பெற்ற நர்சுகள்தான். இந்த ஏற்பாட்டினால் புற்று வருவது 25 சதமும், அதனால் சாவது 35 சதமும் குறைந்ததாக 2007இல் வெளியிட்டார்கள். ஒப்புப் பார்ப்பதற்காகச் சுமார் 31,000 பெண்களுக்குச் சோதனை செய்யாமல் விட்டு வைத்தது நியாயமா என்று பின்னால் கண்டனமும் எழுந்தது. அந்தக் கண்டனத்தில் நியாயம் இருக்கிறதென்றே நாம் நினைக்கிறோம். ஏழைப் பெண் என்றால் ஒப்புப் பார்க்கும் கணக்கில் வைக்கலாம் என்கிற மனப்பான்மை எந்தக் கூட்டத்திலிருந்தாலும் கண்டிக்கத்தக்கதே. ஆனால் அதன் மூலம் வந்த அறிவை வீணாக்குவது அந்தப் பெண்களுக்கு இரண்டாம் முறை செய்யும் துரோகமாகும்.

அந்த அறிவு வீணாகிக் கொண்டிருக்கிறது என்றுதான் சொல்லவேண்டும். 30 வயதானவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றையும் சோதிக்கவேண்டும் என்று 2016இலேயே சர்க்கார் திட்டம் வகுத்தது. 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பை வாய்ச் சோதனை ஒருமுறையாவது செய்து கொண்டவர்கள் இந்தியாவில் 1.9 சதம். முன்னணியில் நிற்கிற தமிழ்நாட்டிலேயே 9.8 சதம். நமது புதுவைக்கு ஜிப்மர் இருக்கிறது. அதில் வட்டாரப் புற்றுநோய் மையமும் இருக்கிறது. பாகூரிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம். வில்லியனூர்த் தேரின் வடம் பிடிக்கப் பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வந்தார்; இன்றும் லெப்டினன்ட் கவர்னர் வருகிறார். ஊர் முழுவதும் திரளுகிறது. அந்த நாளில் அதே வீதியில் நான்கு நர்சுகளையும் ஒரு மறைப்பையும் வைத்து, வந்த பெண்களுக்குச் சோதனை செய்தால் தேர் நின்றுவிடுமா?

பாகூருக்கு ஒரு பழைய பெருமை உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்க பல்லவன் காலத்தில், அவ்வூரிலிருந்த கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்கள் தானமாக விடப்பட்டதைச் செப்பேடு சொல்கிறது. அந்தக் கல்வி வேதம் கற்றவர்களுக்கானது. மூன்று கிராமத்து உழவர் விளைத்த நெல்லைத் தின்று வளர்ந்த கல்வியில் அந்த உழவருக்கு ஓர் எழுத்தும் கிடைக்கவில்லை. இன்று உயிரணுவின் ஏட்டைப் படிக்கிற கல்வியும் இங்கிலீஷில் பூட்டப்பட்டு, பட்டணத்து மாடிகளில் உட்கார்ந்திருக்கிறது. நம் வரிப்பணத்தில் நடக்கிற ஆராய்ச்சி நம் பாஷையில் நம் திண்ணைக்கு வராதவரையில், அந்த இடத்தைத் தலையெழுத்துத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. படித்தவர்களில் சிலர் இப்போது தலையெழுத்து என்பதை விட்டுவிட்டு, "எல்லாம் ஜீனில் இருக்கிறது" என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். பிரமனுக்குக் கோட்டு மாட்டிவிட்டது போலத்தான் இது. நூறு புற்றுகளில் ஐந்து முதல் பத்து மாத்திரமே பெற்றோர் வழியாக வருகின்றன. மற்றவை வாழ்நாளில் நேருகிற பிழைகள். புகையிலை, பாக்கு, நம் ஊரின் பெருமை போல நடத்தப்படுகிற சாராயம், வைரஸ், வயது இவற்றால் நேருபவை. அல்லாமலும், ஒரே எழுத்தைப் பல விதமாக வெட்டி ஒட்டுகிற உடம்பில், எழுதியதே முடிவு என்பதற்கு இடமேது? ஜீனைத் திருத்தும் லேகியம், புரதத்தை மாற்றும் பொடி என்று பாட்டிலில் அடைத்து விற்கிறவர்களும் கிளம்பியிருக்கிறார்கள். தாயத்துக் கட்டியவன் கையில் இப்போது விஞ்ஞான வார்த்தை கிடைத்திருக்கிறது. காசை இழப்பது போகட்டும். அதற்காகக் காத்திருக்கும் ஆறு மாதத்தை இழப்பதே பெரிய நஷ்டம்.

தடுப்பூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூனாவில் செய்யப்பட்ட ஊசி 2023 முதல் விற்பனைக்கு வந்திருக்கிறது. 9 முதல் 20 வயதுப் பெண்களுக்கு ஒரே ஊசி கூடப் போதும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022இல் சொல்லிவிட்டது. ஜனங்களுக்குச் சந்தேகம் இருக்கிறதென்றால் அதற்கும் காரணமுண்டு. 2009இல் ஆந்திராவில் கம்மம் ஜில்லாவில் பழங்குடிப் பெண் பிள்ளைகளுக்கு, பெற்றோரைக் கேட்காமல் விடுதிக் காப்பாளரிடம் கையெழுத்து வாங்கி ஊசி போட்டார்கள். 2010இல் அது நிறுத்தப்பட்டது. 2013இல் பார்லிமெண்ட் கமிட்டியும் கண்டித்தது. அந்தப் பிள்ளைகளில் சிலர் இறந்ததற்கு ஊசி காரணமென்று விசாரணையில் நிலைநாட்டப்படவில்லை. கேட்காமல் குத்தியதுதான் குற்றம். ஆகவே கேளுங்கள், விளக்கச் சொல்லுங்கள், விளங்கிய பிறகு போட்டுக்கொள்ளுங்கள் என்கிறோம். அவர்கள் சொல்லாவிட்டால் சொல்லும்வரை கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

அந்தத் துக்க வீட்டுப் பெரியவரைப் போன வாரம் மறுபடியும் பார்த்தோம். மேலே எழுதியவற்றில் பாதியையாவது சொன்னோம். "சாகாதே" உதாரணத்தைக் கேட்டுச் சிரித்தார். அவருக்கு இரண்டு மருமகள்கள். மூத்தவருக்கு 38 வயது, இளையவருக்கு 33. இருவரையும் சோதனைக்கு அனுப்புவீர்களா என்று கேட்டோம். "என்னை ஏன் கேக்குற தம்பி, அவளுங்களையே கேளு" என்றார். அது நல்ல பதில் என்று பட்டது. கேட்டோம். இளையவர், கூலி வேலை இல்லாத நாளாகப் பார்த்துத் தேதி சொல்லுங்கள், வருகிறேன் என்றார். மூத்தவர் புருஷனைக் கேட்க வேண்டும் என்றார். புருஷன் ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டிலிருப்பாராம். அன்று போவதாக இருக்கிறோம்.